கல்முனை – மட்டக்களப்பு எக்ஸ்பிரஸ் பஸ்ஸுக்குக் கூடுதல் காசு வாங்கலாமா?

காலை ஆறே முக்காலுக்குப் பெரியகல்லாறு பஸ் ஹோல்டில் நின்றால் மூன்று விதமான பஸ் வரும். ஒன்று கல்முனையிலிருந்து ஊர்ந்து வருவது. நாம் கையைக் காட்டாவிட்டாலும் நின்று, "மட்டக்களப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகும். இன்னொன்று முன் கண்ணாடியில் 'எக்ஸ்பிரஸ்' என்று ஒட்டிக்கொண்டு அதே வேலையைச் செய்வது. மூன்றாவது உண்மையிலேயே எக்ஸ்பிரஸ். அதில் எங்கள் ஹோல்டிலிருந்து நான் ஒரு நாளும் ஏறியதில்லை. அது நிற்பதே இல்லை.

மட்டக்களப்பு டவுனில் வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வந்துவிடும். நிற்காமல் போகிற பஸ் காலையில் இரண்டு, பின்னேரம் இரண்டு ஒழுங்காக ஓடட்டும், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை என்பார் ஒருவர். அதே ரோட்டு, அதே டயர், எதுக்குக் கூடக் கொடுக்கவேணும் என்பார் மற்றவர். இரண்டு பக்கமும் நானும் பேசியிருக்கிறேன். போன மாதம் ஒரு கொப்பித் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே விரிக்கிறேன்.

முதலில் பாதை. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய நிலத்தில் ஊருக்கு மேல் ஊர். பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை, கல்லாறு, களுவாஞ்சிகுடி, களுதாவளை, செட்டிபாளையம், குருக்கள்மடம், ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி. எந்த ஊர் எங்கே முடிந்தது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. மட்டக்களப்புக்குத் தெற்கே தண்டவாளமும் கிடையாது, ரயில் டவுனோடு முடிந்துவிடுகிறது. ஆகவே வைத்தியசாலைக்கு, கச்சேரிக்கு (மாவட்டச் செயலகம்), டியூஷனுக்கு, வங்கிக்கு எல்லாத்துக்கும் இந்த ஒரே ரோட்டும் இந்த பஸ்களும்தான். என் அனுபவத்தில் கல்லாற்றிலிருந்து சாதாரண பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம் எடுக்கும், வெள்ளிக்கிழமையோ மழை நாளோ என்றால் அதற்கும் மேல். அதே தூரத்தைக் காலையில் வான் வண்டியில் நிற்காமல் போனால் முக்கால் மணி நேரம்.

அடுத்தது சட்டம். இரண்டு மாவட்டத்தைத் தொட்டாலும் இந்த வழி ஒரே மாகாணத்துக்குள் ஓடுவது. தனியார் பஸ்ஸுக்கு அனுமதி கொடுப்பதும் நேரம் போடுவதும் மாகாணத்தின் வேலை. கொழும்பு பஸ் மாகாணம் விட்டு மாகாணம் போவதால் அது 1991 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் கையில். அரசாங்கத்தின் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ், எங்கள் வாயில் இன்னும் 'சிரிபி', அது தனிக் கதை. கட்டண வகுப்புகள் நாட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. சாதாரணம், அதற்கு ஒன்றரை மடங்கு அரைச் சொகுசு, இரண்டு மடங்கு குளிரூட்டிய சொகுசு. இந்த வகுப்புகளில் கூடுதல் காசு ஆசனத்துக்கும் குளிருக்கும் வாங்கப்படுகிறது. வேகமாகப் போனதற்காக ஒரு ரூபாயும் இல்லை. அரைச் சொகுசில் ஆட்களை நிற்க வைத்து ஏற்றக்கூடாது என்பதுதான் விதி. அந்த விதியின் கதி என்ன என்று பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும். கூடுதல் காசு என்றதும் சனம் முகம் சுளிப்பதற்குப் பாதிக் காரணம் இந்த அரைச் சொகுசுதான்.

எனக்கே நடந்தது. ஒருமுறை ஒன்றரை மடங்கு ரிக்கற் எடுத்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிதிபலகைக்கு அடுத்த படியில் நின்று வந்தேன். கேட்டதற்கு, "அண்ணே, முன்னுக்கு ஆள் இறங்கும்" என்றார் கொண்டக்டர். இறங்கினார்கள்தான், நான் இறங்கிய அதே இடத்தில்.

சரி, தெரிவுகளுக்கு வருவோம்.

இப்போது இருப்பது போலவே விடுவது ஒன்று. எக்ஸ்பிரஸ், ஹோல்டுக்கு ஹோல்ட் நின்று போகிற லைன் பஸ் இரண்டுக்கும் ஒரே கட்டணம். இதில் உள்ள நியாயம் பெரியது. ரோட்டில் ஓடும் எந்த பஸ்ஸிலும் யாரும் ஏறலாம், எந்த பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏறலாம். டவுன் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகிற வயதானவர்கள், "இது எந்த பஸ், எவ்வளவு காசு" என்று கேட்டுக்கொண்டு நிற்கத் தேவையில்லை. ஆனால் ஒரே விலை என்றால் முதலாளிக்கு எக்ஸ்பிரஸ் விடுவதில் ஆர்வம் இல்லை. அதனால்தான் போர்டில் எக்ஸ்பிரஸ், ஓட்டத்தில் லைன் பஸ்.

ஏன் ஆர்வம் இல்லை? இங்கேதான் கொப்பிக் கணக்கு வருகிறது. பஸ் கட்டணம் குறைந்தபட்சத் தொகையில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது. 2024 ஒக்டோபரில் அது 27 ரூபாய்க்கு வந்தது. குறுந்தூரம் போகிறவர் கிலோமீற்றருக்கு அதிகம் கொடுக்கிறார், நெடுந்தூரம் போகிறவர் குறைவாகக் கொடுக்கிறார். இப்போது ஒரே ஒரு சீற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான் போடுவது கணக்குப் புரிவதற்கான சுமாரான தொகைகள், கட்டணப் பட்டியல் அல்ல. கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வரை ஒரே ஆள் அந்தச் சீற்றில் இருந்து வந்தால் 130 ரூபாய். அதே சீற்றில் கல்முனையிலிருந்து களுவாஞ்சிகுடி வரை ஒருவர் 55, அங்கிருந்து காத்தான்குடி வரை இன்னொருவர் 75, காத்தான்குடியிலிருந்து டவுனுக்கு ஒருவர் 35 கொடுத்தால் மொத்தம் 165. ஒரு சீற் மூன்று முறை விலைப்பட்டுவிட்டது. கொண்டக்டர் ஏன் ஒவ்வொரு சந்தியிலும் தலையை வெளியே போட்டுக் கத்துகிறார் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. அன்றைய கலெக்‌ஷனில் அவருக்கும் றைவருக்கும் பங்கு. நிற்காவிட்டால் காசு ரோட்டில் நிற்கிறது.

இதற்கு எதிர்வாதம், எக்ஸ்பிரஸ் அதிகம் ஓடலாமே என்பது. உண்மை. ஏத்தி இறக்கிப் போகிற பஸ் நாளுக்கு 3 தரம் போய் வந்தால், நிற்காத பஸ் 4 தரம் போய் வரலாம். 50 சீற் என்று வைத்தால், சாதாரண பஸ்ஸுக்கு 6 ஓட்டத்தில் 49,500 ரூபாய். எக்ஸ்பிரஸ்ஸுக்கு 8 ஓட்டத்தில் 52,000. கூடுதலாக வந்தது 2,500. ஆனால் அந்த நாலாவது முறை போய்வர 80 கிலோமீற்றருக்கு டீசல் அடிக்கவேண்டும். 2,500 அதற்கே காணாது. டீசல், டயர், தேய்மானம் எல்லாம் சேர்த்து அந்த மேலதிக ஓட்டத்துக்கு 8,000 என்று தாராளமாகவே போடுகிறேன். முதலாளிக்கு நாளுக்கு 5,500 துண்டு விழுகிறது. எக்ஸ்பிரஸ்ஸில் அன்று விற்ற ரிக்கற் 400. ஒரு ரிக்கற்றுக்கு 14 ரூபாய் கூட்டினால் துண்டு அடைபட்டுவிடும்.

இந்த 14 ரூபாயை ஞாபகத்தில் வையுங்கள்.

பஸ் நிரம்பி ஓடினால்தான் இந்தக் கணக்கு. மத்தியானம் 11 மணிக்குப் பாதிச் சீற் வெறுமையாக எக்ஸ்பிரஸ் ஓட்டினால் எந்தக் கட்டணம் போட்டாலும் நட்டம்தான். ஆகவே காலையும் பின்னேரமும் மட்டும் எக்ஸ்பிரஸ், இடையில் அதே பஸ் லைனில் ஓடட்டும். இதில் எந்தத் தெரிவை எடுத்தாலும் மாற்றம் இல்லை.

இரண்டாவது தெரிவு, அரைச் சொகுசு போல ஒன்றரை மடங்கு. பஸ் வைத்திருப்பவர்களுக்குப் பிடித்தது இதுதான், ஏற்கெனவே பழக்கத்தில் உள்ள வகுப்பு என்பதால் கேட்கவும் சுகம். ஆனால் 130 ரூபாய்ப் பயணத்தில் அது 65 ரூபாய் கூடுதல். துண்டு விழுந்ததோ 14.

வாங்குகிறவர் பக்கமிருந்து பாருங்கள். கல்லாற்றிலிருந்து டவுனுக்கு ஒரு வழி 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். போய்வர 200, மாதம் 25 நாளுக்கு 5,000. ஒன்றரை மடங்கு என்றால் 7,500. வித்தியாசம் 2,500 ரூபாய். டவுனில் கடையில் நிற்கும் பிள்ளைக்குத் தனியார் துறைக் குறைந்தபட்சச் சம்பளம், 2026 ஜனவரியிலிருந்து 30,000. அந்த 2,500 ரூபாய் பன்னிரண்டு மாதமும் போனால், வருடத்தில் ஒரு மாதச் சம்பளம் முழுதும் பஸ்ஸின் வேகத்துக்குக் கொடுத்த கணக்கு.

நேர்மையாகச் சொன்னால் இந்தக் கணக்குக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஒரு வழிக்கு அரை மணி மிச்சம், மாதத்துக்கு 25 மணி நேரம். 2,500 ரூபாயை அதால் பிரித்தால் மணிக்கு 100 ரூபாய். 30,000 சம்பளக்காரருக்கே மணிக் கூலி அதைவிடக் கூட. பொருளாதாரம் படித்த நண்பர் ஒருவர் இதைக் காட்டி, "பார், லாபம்" என்றார். அந்த அரை மணிக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்று கேட்டேன், அவர் பேச்சை மாற்றிவிட்டார். ஆனாலும் பின்னேரம் அரை மணி முன்னால் வீட்டுக்கு வருவது, இருட்டமுதல் ஹோல்டில் இறங்குவது, குழந்தையை டேகெயாரில் இருந்து நேரத்துக்கு எடுப்பது இவையெல்லாம் சம்பளத்தில் அடங்காத பெறுமதி. அந்தப் பெறுமதிக்குக் காசு கொடுக்க வசதியுள்ள ஆட்கள் இருக்கிறார்கள், அரச உத்தியோகத்தர், வங்கிக்காரர், இரண்டு பேரும் சம்பாதிக்கும் வீடுகள். அவர்களில் பலர் இப்போது பஸ்ஸை விட்டு மோட்டார் சைக்கிளுக்கும் மாதக் காசு வானுக்கும் போய்விட்டார்கள். ஒன்றரை மடங்கு எக்ஸ்பிரஸ் அவர்களைத் திருப்பிக் கொண்டுவரலாம். இதை நான் மறுக்கவில்லை.

என் பயம் வேறு. முதலாளிகளின் கையில் இருக்கிற பஸ்கள் எண்ணிக்கையில் கூடப்போவதில்லை. ஒன்றரை மடங்கு கிடைக்கும் என்றால் நல்ல பஸ்கள், நல்ல றைவர்கள், காலை ஏழு மணி ஓட்டங்கள் எல்லாம் அந்தப் பக்கம் சாயும். லைனில் மிச்சம் இருப்பது கழிவு. சென்னையில் இதைப் பார்க்கலாம். அங்கே மாநகரப் பேருந்தில் வெள்ளைப் பலகை சாதாரணம், அதற்கு மேல் எக்ஸ்பிரஸ், சொகுசு என்று படிகள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் காசு இல்லை. நல்ல திட்டம். ஆனால் அந்தச் சலுகை சாதாரண பஸ்ஸுக்கு மட்டும் என்பதால், முன்னால் வந்த சொகுசு பஸ்ஸை விட்டுவிட்டு வெள்ளைப் பலகைக்காகக் காத்து நிற்பதும் அங்கே அன்றாடக் காட்சிதான். பஸ் வந்தும் ஏற முடியாமல் நிற்கிறவருக்கு, அந்த பஸ் ஓடாத மாதிரிதான். எங்கள் ரோட்டில் அப்படி விடுவதற்கு அத்தனை பஸ்களும் இல்லை.

நியூயோர்க்கில் இன்னொரு விதமாகப் பிரித்திருக்கிறார்கள். 2023 ஓகஸ்ட்டில் கட்டணம் மாற்றியபோது சாதாரண பஸ்ஸுக்கு 2.90 டொலர், புறநகரிலிருந்து மன்ஹாட்டனுக்குப் போகும் எக்ஸ்பிரஸ்ஸுக்கு 7 டொலர். இரண்டு மடங்குக்கும் மேல். அந்த எக்ஸ்பிரஸ் உயரமான, சாய்ந்து இருக்கக்கூடிய சீற் உள்ள கோச் வண்டி. ஆனால் அதே நகரத்தில், குறைந்த தரிப்பிடங்களோடு வேகமாக ஓடும் 'செலக்ட்' பஸ்ஸுக்கு அப்போதும் அதே 2.90 தான். தரிப்பைக் குறைத்ததற்கு அங்கே காசு வாங்குவதில்லை, வண்டியை மாற்றியதற்குத்தான் வாங்குகிறார்கள். நம் ரயிலும் இதே நியாயத்தில்தான் ஓடுகிறது. கொழும்பு – மட்டக்களப்பு ரயிலில் இரண்டாம் வகுப்புக்காரரும் மூன்றாம் வகுப்புக்காரரும் ஒரே நேரத்தில்தான் வந்து இறங்குகிறார்கள்.

மூன்றாவது தெரிவு சின்னத் தொகை ஒன்று. 14 ஐ 15 ஆக்கி, அல்லது 20 ஆகவே வைத்து, தூரம் எதுவானாலும் எக்ஸ்பிரஸ்ஸில் ஏறினால் அது மேலதிகம். மாதத்தில் 50 பயணத்துக்கு 1,000 ரூபாய்க்குள் அடங்கும். கணக்குப்படி முதலாளிக்கும் நட்டம் இல்லை. இதில் எனக்குள்ள தயக்கம் இரண்டு. ஒன்று மிச்சக்காசு. 130 க்கு 150 கொடுத்தால் 20 வராது என்பது எங்கள் அனுபவம். இனி 150 தான் விலை என்று ஆகிவிட்டால் அடுத்த வருடம் 150 க்கு மேல் கேட்பார்கள். மற்றது, இந்த 20 ரூபாய் எதையும் கட்டுப்படுத்தாது. 20 கொடுத்துவிட்டு ஆரையம்பதியில் ஏறிக் காத்தான்குடியில் இறங்க ஒருவர் தயார் என்றால், கொண்டக்டர் நிற்பாட்டத் தயார். எக்ஸ்பிரஸ் மறுபடியும் லைன் பஸ்.

நாலாவது தெரிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்குப் பிடித்ததோ அதுதான். கட்டணத்தைக் கூட்டாமல், எக்ஸ்பிரஸ்ஸின் குறைந்தபட்ச ரிக்கற்றை மட்டும் உயர்த்துவது. உதாரணத்துக்கு, அந்த பஸ்ஸில் 75 ரூபாய்க்குக் குறைந்த ரிக்கற் கிடையாது என்று வைப்பது. கல்முனையிலிருந்து டவுனுக்குப் போகிறவர் வழமையான 130 தான் கொடுப்பார். களுவாஞ்சிகுடியிலிருந்து டவுனுக்கு வருகிறவருக்கும் வழமையான கட்டணம்தான். காத்தான்குடியிலிருந்து டவுனுக்கு வருகிறவர் 35 க்குப் பதில் 75 கொடுக்கவேண்டும். அவர் கொடுக்கமாட்டார், கொடுக்கவும் தேவையில்லை, அந்தத் துண்டு ரோட்டில் அவருக்கு அடுத்தடுத்து பஸ் உண்டு. குறுந்தூரம் தானாகவே லைன் பஸ்ஸுக்குப் போய்விடும், தூரத்து ஆளுக்குச் சீற் மிஞ்சும், பஸ்ஸும் நிற்கக் காரணம் குறையும். கூடுதல் விலை யார் தலையில் விழுகிறதென்றால், வேறு வழி உள்ளவர் தலையில். முன்னைய தெரிவுகளில் அது வேறு வழியே இல்லாத தூரத்து ஆளின் தலையில் விழுந்தது.

முதலாளியின் 5,500 ரூபாய் துண்டு என்னாவது? அதை இந்தத் தெரிவு அடைக்காது, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மாகாணம் கையில் காசு கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. அனுமதிப்பத்திரத்தோடு நேரத்தைக் கட்டிக் கொடுக்கலாம். காலை 6.30, 7.00 என்ற நேரங்கள் தங்கம். எக்ஸ்பிரஸ்ஸை ஒழுங்காக ஓட்டுகிற பஸ்ஸுக்கே திரும்பி வரும்போது ஆள் நிறையும் நல்ல லைன் நேரமும் என்று டைம் கீப்பரின் அட்டவணையில் எழுதிவிட்டால், துண்டு அங்கே அடைபடும். பள்ளிப் பிள்ளைகளுக்கான சிசு சரிய ஓட்டங்களுக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுத்தே பஸ்ஸை ஓட வைக்கிறது. ஆகவே எல்லாச் செலவும் ரிக்கற்றில் இருந்துதான் வரவேண்டும் என்பது இங்கே விதியும் இல்லை, வழக்கமும் இல்லை. சிரிபி பஸ்ஸிலும் இதே குறைந்தபட்ச ரிக்கற் முறையை வைக்கலாம், ஆனால் சீசன் (மாதப் பயண அட்டை) வைத்திருக்கிறவரை ஏற்றவேண்டும் என்ற நிபந்தனையோடு. சீசன் செல்லாத எக்ஸ்பிரஸ் என்றால் ரியூட்டரி வகுப்புக்கும் கம்பஸ்ஸுக்கும் போகிற பிள்ளைகள்தான் முதலில் வெளியே நிற்பார்கள்.

நேரத்துக்கு நேரம் விலை மாற்றுவது என்று ஐந்தாவது ஒன்றும் சொல்வார்கள், காலையில் கூட, மத்தியானம் குறைய. அட்டை தட்டி ஏறுகிற ஊரில் சரி. கையில் தாள் ரிக்கற், சில நாள் அதுவும் இல்லை என்கிற ரோட்டில் அது சண்டைக்கு வழி.

விலை ஏறுகிறதென்றால் சனம் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு 2022 ஐ நினைத்துப் பார்த்தால் போதும். ஜனவரியில் 17 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் ஜூலையில் 40 ஆனது. களுதாவளையிலும் செட்டிபாளையத்திலும் மூலையில் கிடந்த சைக்கிள்களுக்கெல்லாம் டியூப் மாற்றினார்கள். இரண்டு ஊர் தள்ளி இறங்கி நடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்போது விட்டுப்போன பயணங்கள் சில இன்னும் திரும்பவில்லை, கிளினிக்கைத் தவறவிட்ட மருந்துப் புத்தகங்கள் உட்பட.

என் வரிசை இதுதான். முதலாவது குறைந்தபட்ச ரிக்கற் முறை, காலை பின்னேரம் மட்டும். அது ஆறு மாதம் ஓடியும் பஸ் காரர் அதில் நிலைக்கவில்லை என்றால், 20 ரூபாய் மேலதிகத்துக்கு நான் கை தூக்குவேன், ஆனால் ரிக்கற்றில் அச்சடித்து. ஒன்றரை மடங்கு வேண்டுமென்றால் குளிரூட்டி, நிற்க ஆள் ஏற்றாமல், தாமதமானால் வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுக்கிற பஸ் கொண்டுவரட்டும். அதற்கும் லைன் ஓட்டத்தில் ஒன்றையும் குறைக்கக்கூடாது. சும்மா போர்டை மாற்றியதற்கு ஒன்றரை மடங்கு என்றால் நான் லைன் பஸ்ஸிலேயே வருகிறேன், மிதிபலகை பழகிவிட்டது.

இதையெல்லாம் எழுதி, எக்ஸ்பிரஸ் எங்கெங்கே நிற்கவேண்டும் என்றும் ஒரு பட்டியல் போட்டேன். கல்முனை, களுவாஞ்சிகுடி, ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி, டவுன். இதற்கு மேல் ஒரு ஹோல்ட் சேர்த்தால் அது எக்ஸ்பிரஸ் இல்லை என்பதில் உறுதியாக இருந்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு ஊராக வாசித்தார்.

"எங்கட கல்லாறு எங்க மகன்?"

களுவாஞ்சிகுடி வரை சைக்கிளில் போய் ஏறலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் தாளைத் திருப்பித் தரவில்லை.